ஏறாவூரில் ரயிலேறிய அரிசி

நடந்தவை:

1. கொழும்புக் கொம்பனி ஒன்று மட்டக்களப்பில் பலசரக்குக் கடை திறந்தது.
2. கிரானில் விளைந்த அரிசி ரயிலேறிக் கொழும்புக்குப் போய், அங்கே சில மாதம் தங்கி, மறுபடி ரயிலேறி மட்டக்களப்புக்கு வந்தது. அதை யாரும் வாங்கவில்லை.
3. அதே அரிசி ஏறாவூரில் ரயிலேறி மட்டக்களப்பில் இறங்கியது. எல்லாரும் வாங்கினார்கள்.
4. பாராட்டுவதற்காகக் கொம்பனியின் டைரக்டர் வந்தார்.
5. கடை மூடப்பட்டது.
6. நான் ஓய்வு பெற்றேன். அப்போது எனக்கு வயது இருபத்தெட்டு.

ஆறாவதைப் படித்துச் சிரிப்பவர்கள் சிரிக்கலாம். அது விதிப்படி நடந்தது. இடம் வரும்போது சொல்கிறேன்.

இதை எழுதக் காரணம், இன்னொரு கொழும்புக் கொம்பனி இப்போது எங்கள் பட்டினத்தில் கடைக்கு இடம் பார்க்கிறது. அரிசி, பருப்புத் தரம் பார்க்கப் பெண்பிள்ளைகளை எடுக்கப்போவதாகப் பேச்சு. விண்ணப்பம் எழுதப்போகும் இரண்டு தங்கச்சிமார் என்னிடம் வந்து, முந்தின கொம்பனி ஏன் நிலைக்கவில்லை என்று கேட்டார்கள். ரயில் இருக்கிறது, சனம் இருக்கிறது, எல்லாரும் மூன்று வேளை சாப்பிடுகிறார்கள். பிறகு என்ன குறை? கேள்வி சரியானது. கொம்பனியும் அதையே கேட்டது.

முந்தின கொம்பனியில் தரம் பார்த்தவள் நான். என் பயிற்சி கொழும்பில், கொம்பனியின் களஞ்சியத்தில், பத்து மாதம். அரிசிக்குப் பதினொரு சோதனை. நீளம், நிறம், உடைசல், கல், உமி, வண்டு, ஈரம் என்று ஒவ்வொன்றுக்கும் படிவத்தில் ஒரு கட்டம். கருவிகள்: மூன்று சல்லடை, ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி, ஒரு சிறு தராசு, ஈரம் பார்க்க ஒரு சிறிய அடுப்பு. சரக்கை வாயில் போடக்கூடாது என்பது முதல் நாள் பாடம். வாய் ஆளுக்கு ஆள் வேறு, சல்லடை எல்லாருக்கும் ஒன்று என்றார் படிப்பித்தவர். எழுதி வைத்துக்கொண்டேன். இன்றைக்கும் அதில் பிழை காணவில்லை. அந்த வசனத்தின் முதல் பாதியைத்தான் கொம்பனி மறந்துவிட்டது.

கொம்பனிக்கு நீர்கொழும்பிலிருந்து காலி வரை கரையோரம் கடைகள் இருந்தன. எல்லாக் கடைக்கும் ஒரே பட்டியல், ஒரே விலை, ஒரே பொதி. ஒரு மனிதர் கண்ணைக் கட்டிக்கொண்டு எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் இடது கைப் பக்கம் சீனி இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய பெருமை. கரையோரத்தில் அது நடந்தது. எல்லா ஊரும் ஒரே துறைமுகத்தை நம்பிச் சமைத்தன. ரயில் மட்டக்களப்பு வரை வந்து சில வருடம் ஆனதும், தண்டவாளம் போகிற இடமெல்லாம் பட்டியலும் போகும் என்று கொம்பனி முடிவு செய்தது. முப்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பட்டினத்தில் கடை திறந்தார்கள். சீனியை இடது கைப் பக்கம் வைத்தார்கள்.

மனேஜர் வேலுப்பிள்ளை ஐயா யாழ்ப்பாணத்தவர். கொழும்பில் பதினெட்டு வருடம் கொம்பனியில் இருந்தவர். வாவிக் காற்று நின்றுபோகும் மத்தியானத்திலும் கோட்டைக் கழற்றமாட்டார். கோட்டின் இடது பையில் கொம்பனியின் விதிப் புத்தகம். யாராவது ஏதாவது கேட்டால் பதில் சொல்லுமுன் விதியின் எண்ணைச் சொல்வார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் அவருடைய கையெழுத்து அழகாகும். ஒருநாள் சவர்க்காரப் பெட்டிகளைத் தேயிலைக்குப் பக்கத்தில் அடுக்கியவருக்கு அவர் எழுதிய கடிதத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கலாம்.

கடை திறந்து ஒரு மாதத்தில் நாங்கள் கண்டது: வாங்குகிறவர் கடைக்கு வருகிறார், தீர்மானிக்கிறவர் வருவதில்லை. எந்த அரிசி, எந்தப் பருப்பு என்று சொல்வது வீட்டில் இருக்கும் பெண்கள். அவர்கள் கடைத்தெருவுக்கு வரும் வழக்கம் இல்லை. ஆண்கள் வந்து, வீட்டில் சொன்னதைக் கேட்டு, இல்லை என்றதும் போய்விடுவார்கள். இதை மனேஜர் கொழும்புக்கு எழுதினார். கொம்பனி ஒரு தகரப் பெட்டி அனுப்பியது. உள்ளே பன்னிரண்டு அறை, அறைக்கு ஒரு சரக்கு. அதை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவது என் வேலையாயிற்று.

முதலில் போனது காத்தான்குடிக்கு. புடைவை வியாபாரி ஒருவரின் மனைவி, ஆசியா உம்மா. அந்தத் தெருவில் பன்னிரண்டு வீட்டுக்கு எந்த அரிசி என்று அவர்தான் சொல்வார் என்று கேள்விப்பட்டிருந்தேன். வேலிக் கடப்பு வாசலால் என்னை உள்ளே கூப்பிட்டு, பாய் போட்டு, தேத்தண்ணி தந்தபின் பெட்டியைத் திறக்கச் சொன்னார். அவருடைய சோதனை முறையை அன்றே குறித்துக்கொண்டேன்:

முதலில் பத்து அரிசி மணி உள்ளங்கையில். கையைப் பொத்தி, வாய்க்குக் கிட்டப் பிடித்து, சூடாக இரண்டு முறை ஊதுவது. உடனே திறந்து மணப்பது. பிறகு ஒரு மணி முன்பல்லில், ஒரு மணி கடைவாயில். மிச்சத்தை முற்றத்தில் எறிந்து, கோழி உடனே கொத்துகிறதா, யோசித்துக் கொத்துகிறதா என்று பார்ப்பது. என் அடுப்புச் சூடாகும் நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

கோழி யோசித்தது.

"இது கிரான் அரிசி," என்றார் ஆசியா உம்மா. "ஆனா எங்கயோ போயித்து வந்திருக்கு."

நான் அமைதியாக, இது கொழும்பிலிருந்து வந்த முதல் தரம் என்று சொல்லிப் பொதியின் எழுத்தைக் காட்டினேன்.

"கொழும்பில எந்த வட்டையில வெளையுது, புள்ள?"

வட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வயல்வெளி. உள்ளே இருந்த மருமகள்மார் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மண்ணெண்ணெயும் ஈரச் சாக்கும் மணக்கிற இடத்தில் இந்த அரிசி நெடுநாள் இருந்திருக்கிறது, பாவம் என்றார். நோயாளியைப் பற்றிச் சொல்வதுபோல் இருந்தது. பன்னிரண்டு வீட்டிலும் அந்த அரிசி வேண்டாம் என்றாயிற்று.

அவர் சொன்னது பிழை என்று நிறுவுவதற்காகவே நான் கிரானுக்குப் போனேன். அங்கே பெரிய வயற்காரர் கந்தப்போடியார். நெல்லைக் குற்றி அரிசியாக்கிக் கொழும்புத் தரகர் ஒருவருக்கு விற்கிறார் என்று தெரிந்தது. தரகர் யாருக்கு விற்கிறார் என்று கேட்டேன். அவர் சொன்னது எங்கள் கொம்பனியின் பெயர். அவரிடம் இருந்த அரிசியையும் என் பெட்டியில் இருந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணாடியால் பார்த்தேன். ஒன்றுதான். விசயத்தைப் போடியாருக்குச் சொன்னேன்.

"என்ட அரிசி கொழும்பு பார்த்துத்து வந்திருக்கு, பிள்ள. நான் இன்னும் பார்க்கல்ல," என்றார்.

மனேஜருக்கு நான் கொடுத்த அறிக்கை ஒரு பக்கம். கிரானிலிருந்து ஏறாவூருக்கு மாட்டு வண்டி, ஏறாவூரிலிருந்து கொழும்புக்கு ரயில், களஞ்சியத்தில் மண்ணெண்ணெய்த் தகரங்களுக்குப் பின்னால் சில மாதம், புதுப் பொதி, மறுபடி ரயில், ஏறாவூரைத் தாண்டி மட்டக்களப்பு. போகும்போது ஏறிய நிலையத்தை வரும்போது அது கடந்து வந்தது என்பதைத் தனி வரியாக எழுதியிருந்தேன். அவர் இரண்டு முறை வாசித்தார்.

அவருக்கு அது சிரிக்கும் விசயமல்ல. கொம்பனி இந்தக் கடைக்கு ஒரு வருடம் தவணை கொடுத்திருந்தது. அதற்குள் கடை நிமிராவிட்டால் மூடிவிடுவார்கள். அவர் கொழும்புக்குத் திரும்பி, தான் பழக்கிய ஒரு இளைஞருக்குக் கீழே மேசைக்குப் பின்னால் நின்று பொதி கட்ட வேண்டும். மூன்று மகள்மாரையும் இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று. இதை அவர் எனக்குச் சொல்லவில்லை. அவருடைய மனைவி சொன்னார். தவணையில் பாதி போயிருந்தது.

மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டு விதி பதினாலை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கடையில் விற்கும் சரக்கு யாவும் ரயில் மூலம், கொம்பனியின் முத்திரையுடன் வந்து சேர வேண்டும்.

"ரயிலில வரவேணும் எண்டுதான் இருக்கு, பிள்ளை," என்றார். "எங்கயிருந்து எண்டு இல்லை. நல்லாப் பாரும்."

பார்த்தேன். இல்லை. முத்திரைக்கு என்ன செய்வது என்று கேட்டேன்.

"குறடு எங்களிட்டையும் ஒண்டு இருக்குத்தானே."

இருந்தது. பழுதான சரக்கைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பும்போது ஈய முத்திரை பதிக்க ஒவ்வொரு கடைக்கும் ஒரு குறடு கொடுத்திருந்தார்கள். அன்று அவர் எழுதிய உத்தரவின் கையெழுத்து கோழி கீறியதுபோல் இருந்தது. அதிலிருந்து அவருடைய மனநிலையை அறிந்துகொண்டேன்.

ஏறாவூர் ஏற்பாடு இப்படி. கந்தப்போடியாரின் மாட்டு வண்டி காலையில் அரிசியோடு ஏறாவூர் நிலையத்துக்கு வரும். நான் காலை ரயிலில் குறடும் சல்லடையும் கொண்டு போய் அங்கேயே பதினொரு சோதனையும் செய்வேன். பிறகு ஒவ்வொரு சாக்கின் வாய்க்கட்டிலும் ஈய முத்திரை. கூட்ஸ் வண்டியில் ஏற்றி மட்டக்களப்புக்குச் சீட்டு. இறக்கிய சாக்குகளை நிலையத்திலிருந்து கடைக்குக் கொண்டுபோக ஒரு வண்டி வேண்டும். அதற்கு மனேஜர் அமர்த்தியது கந்தப்போடியாரின் அதே வண்டியை. ஆகவே அரிசி ரயிலில் போக, வண்டி வெறுமையாக அதே பக்கம் தெருவால் போகும். சில நாள் மாடுகள் முந்தி வந்து நிலையத்து மர நிழலில் அசைபோட்டுக்கொண்டு நின்றன.

நான் மூன்றாம் முறை போனபோது ஏறாவூர் நிலையத்தில் சீட்டெழுதுபவர் கேட்டார்:

"தங்கச்சி, வண்டில் மட்டக்களப்புக்குத்தானே போகுது?"

"ஓம்."

"அரிசியும் மட்டக்களப்புக்குத்தானே?"

"ஓம்."

அவர் சீட்டை எழுதித் தந்தார். பிறகு கேட்கவில்லை.

இந்த அரிசியோடு ஆசியா உம்மாவிடம் போனேன். ஊதினார், மணந்தார், கடித்தார். கோழி யோசிக்கவில்லை. "இப்ப சரி. பயணம் போகாத அரிசி," என்றார். நான் ஏறாவூர்ப் பயணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தெருப் பன்னிரண்டு வீடும் வாங்கின; அடுத்த தெரு அதைப் பார்த்தது. நல்லெண்ணெய், வற்றல் மிளகாய், வாவி இறால் கருவாடு என்று ஒவ்வொன்றாக ஏறாவூர் வழியே வரத் தொடங்கின. கொழும்பிலிருந்து தொடர்ந்து வந்து நன்றாக விற்றவை: சவர்க்காரம், தீப்பெட்டி, தகரப் பால், பிஸ்கோத்து. சவர்க்காரத்தை யாரும் ஊதி மணப்பதில்லை.

என்னை உறுத்தியது வேறு. என் பதினொரு கட்டத்திலும் கொழும்பு போன அரிசியும் போகாத அரிசியும் ஒரே எண்ணைக் காட்டின. வித்தியாசம் உண்மை, என் படிவத்தில் அதற்கு இடமில்லை. ஊதி மணக்க ஆசியா உம்மாவிடம் பழகினேன். மூன்று மாதம் எடுத்தது. அதற்குச் சான்றிதழ் இல்லை.

தவணை முடிய ஒரு மாதம் இருக்கும்போது டைரக்டர் வந்தார். எந்தக் கடையிலும் அரிசி இப்படி விற்கவில்லையாம். இரகசியம் என்ன என்று நேரில் பார்க்க வந்திருக்கிறார். மரியாதையான மனிதர். மனேஜரின் மேசையில் ஒரு கடிதத்தை வைத்தார். வேலுப்பிள்ளை ஐயாவைக் கிழக்குக் கடைகள் எல்லாவற்றுக்கும் மேலாளராக்கும் கடிதம். அடுத்த கடை திருகோணமலையில். கையெழுத்து மட்டும் பாக்கி. அதற்கு முன் ஒரு சிறு சடங்கு: இங்கே விற்பது பட்டியலில் உள்ள அரிசிதான் என்று தரம் பார்ப்பவர் சான்று எழுத வேண்டும். கொழும்புக் களஞ்சியத்து மாதிரி ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

நான் இரண்டையும் சோதித்தேன். பதினொரு கட்டம், இரண்டு வரிசை. எல்லாம் ஒன்று. எழுதிய ஒவ்வொரு எண்ணும் உண்மை. அரிசியும் உண்மையிலேயே அதே அரிசி. டைரக்டர் படிவத்தைப் பார்த்துத் திருப்தியோடு பேனாவைத் திறந்தார். நான் வாய் திறக்கவில்லை. கேட்டதற்குச் சரியாகப் பதில் எழுதிவிட்டேன் என்று மனதுக்குள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த அரை நிமிடத்தைப் பற்றி எனக்கு இன்றைக்கும் நல்ல அபிப்பிராயம் இல்லை.

மனேஜர் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்:

"பிள்ளை, இரண்டையும் ஐயாவின்ர கையில குடும். ஊதி மணக்கச் சொல்லும்."

கொடுத்தேன். முறையைச் சொன்னேன். டைரக்டர் நல்ல மனதோடு ஊதினார், மணந்தார். இரண்டும் அரிசி மணக்கிறது என்றார். மனேஜர் கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு, ஏறாவூரைப் பற்றி முதலிலிருந்து கடைசி வரை சொன்னார். வெறும் வண்டியைக்கூட விடவில்லை.

டைரக்டர் கோபப்படவில்லை. அவர் சொன்னதை நான் அன்றே குறித்து வைத்தேன்: நீர் இங்கே வாங்கிய அரிசி நல்லது என்றே வைத்துக்கொள்வோம். நாளைக்குக் காலிக் கடைக்காரர் காலியில் வாங்குவார், நீர்கொழும்பார் நீர்கொழும்பில். அதன்பிறகு எங்களிடம் பொதுவாக இருப்பது என்ன, பெயர்ப்பலகையா? எல்லாக் கடைக்கும் ஒரே இடத்தில் மொத்தமாக வாங்குவதால்தான் கொம்பனி கொம்பனியாக இருக்கிறது.

அவர் சொன்னது சரி. ஆசியா உம்மா சொன்னதும் சரி. தங்கச்சிமார் கேட்ட கேள்விக்கு என்னிடம் உள்ள விடை இவ்வளவுதான். மொத்தமாக வாங்கினால் மலிவு; மொத்தமாக வாங்கினால் களஞ்சியம்; களஞ்சியத்தில் கிடந்ததை வாய் கண்டுபிடிக்கிறது. அந்தந்த இடத்தில் வாங்கினால் வாய்க்குப் பிடிக்கிறது. அப்போது கொம்பனி தேவையில்லை. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதுதான் வியாபாரம்.

கடிதம் டைரக்டரின் பைக்குள் திரும்பிப் போயிற்று. பட்டியல் அரிசிக்குத் திரும்பலாம், அல்லது தவணையோடு மூடலாம் என்றார். பட்டியல் அரிசி மூன்று வாரம் இருந்தது. வீட்டுக்கார ஆண்கள் வந்து, கேட்டு, போனார்கள். கடை மூடப்பட்டது.

ஏன் சொன்னீர்கள் என்று பின்பொருநாள் மனேஜரிடம் கேட்டேன். கையெழுத்து விழுந்த பிறகு சொல்லியிருந்தால்கூட வேறு மாதிரி முடிந்திருக்குமே என்றேன்.

"திருகோணமலைக்கு ஆரை அனுப்புவினம் எண்டு எனக்குத் தெரியும்," என்றார். "அந்தாளுக்குப் பிள்ளையள் நாலு."

அவர் கொழும்புக்குப் போய்ப் பொதி கட்டவில்லை. கொம்பனி விட்டுப்போன அதே கட்டடத்தைத் தன் பெயரில் எடுத்தார். மனைவியின் நகை போயிற்று. என்னை வேலைக்குக் கேட்டார், போனேன். அரிசி கிரானிலிருந்து வண்டியில் நேரே வந்தது. மாடுகளுக்கு இப்போது திரும்பும் பயணம் மட்டுமே வெறுமை. சீனி இடது கைப் பக்கத்திலேயே இருந்தது. விதிப் புத்தகத்தையும் அவர் விடவில்லை. பதினாலாம் விதியை மட்டும் சிவப்பு மையால் கோடிட்டு அடித்துவிட்டு மற்றதெல்லாவற்றையும் வைத்துக்கொண்டார். அதில் இருபத்திரண்டாம் விதி, பெண் உத்தியோகத்தர் திருமணத்தோடு ஓய்வு பெறுவார் என்பது. எனக்குக் கல்யாணம் முடிவானதும் வாழ்த்துச் சொன்னார், விதியின் எண்ணைச் சொன்னார், மிக அழகான கையெழுத்தில் ஓய்வுக் கடிதம் தந்தார். அவருக்கு யார்மேல் கோபம் என்று எனக்கு விளங்கவில்லை. என் இடத்துக்கு வேறு ஆளை அவர் எடுக்கவில்லை. மாதிரி அரிசியை வீட்டுக்கு அனுப்புகிறார். நான் ஊதிப் பார்த்துச் சொல்லி விடுகிறேன். அதற்கு விதி இல்லை.

இடையில் ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் கடை திறந்தார். மூன்றும் நன்றாகப் போனதும், கொம்பனிக்கு வந்த அந்த எண்ணம் அவருக்கும் வந்தது. சொந்த ஊர், சொந்தச் சனம், தன் பெயருக்கு அங்கே மதிப்பு. யாழ்ப்பாணத்தில் நான்காவது கடை. நான் வேண்டாம் என்று ஒரு பக்கத்தில் காரணங்களை எழுதிக் கொடுத்தேன். வாசித்து, எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்தித் திருப்பித் தந்தார். கிரான் அரிசி லொறியில் யாழ்ப்பாணம் போயிற்று. முதல் மூட்டை அவருடைய அக்கா வீட்டுக்கு.

மூன்றாம் நாள் அக்கா அதைத் திருப்பி அனுப்பினார். ஆள் வந்து சொன்ன செய்தியை மனேஜர் அப்படியே எனக்குச் சொன்னார், அக்காவின் குரலிலேயே:

"தம்பி, இது ஆரின்ர அரிசி? எங்கட கிணத்துத் தண்ணிக்கு இது அவியாது. அவிஞ்சாலும் எங்கட வாய்க்கு ஒத்து வராது. இதைக் கொண்டுபோய் உன்ர ஊரில வில்."

தண்ணீரைப் பற்றி அக்கா சொன்னது சரி. அங்கே கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம். அந்தக் கட்டமும் என் படிவத்தில் இருக்கவில்லை. மனேஜரை அன்று உலுக்கியது தண்ணீரல்ல, கடைசி வசனம். அவர் அதை இரண்டு தரம் சொன்னார்.

யாழ்ப்பாணக் கடை ஐந்து மாதம் இருந்தது. புதிய கொம்பனி எந்தக் கட்டடத்தை எடுக்கும் என்று தெரியவில்லை. தங்கச்சிமார் இருவரும் விண்ணப்பம் போட்டுவிட்டார்கள், நானும் சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். வேலுப்பிள்ளை ஐயாவுக்கு இன்றைக்கு மூன்று கடைகள். மூன்றும் கந்தப்போடியாரின் வண்டி காலையில் புறப்பட்டால் பொழுதுபடுமுன் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் இருக்கின்றன.